ஒரே ஒரு மேட்ச் ஆடியவருக்கு எதற்கு ஒரு புத்தகம்?

ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவில் பேஸ்பால் மேட்ச் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். அன்றைக்கு மைதானத்தில் இறங்கும் வீரர்கள் எல்லாருடைய முதுகிலும் ஒரே எண்தான் இருக்கும்: 42. அது ஜாக்கி ராபின்சனின் எண். 1947-இல் அதே தேதியில் அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கியபோதுதான் மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த கதவு திறந்தது. இங்கே படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். பள்ளி நூலகத்தில் ராபின்சனைப் பற்றிய புத்தகம் இல்லாத அலமாரியைப் பார்ப்பது கஷ்டம்.

ஆனால் இதில் ஒரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. திறந்தது சரி, அந்தக் கதவை மூடியது யார்? எப்போது மூடினார்கள்? மூடினார்கள் என்றால், அதற்கு முன்னால் அது திறந்து இருந்ததா?

இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள ராபின்சன் புத்தகமோ பேப் ரூத் புத்தகமோ போதாது. 1880-களில் ஆடி, அதன் பிறகு எல்லாரும் மறந்துபோன ஆட்டக்காரர்களைப் பற்றிய புத்தகங்களைத்தான் தேட வேண்டும். பேஸ்பால் நாட்டில் பிள்ளை வளர்க்கும் நாம், நட்சத்திரங்களின் வாழ்க்கை வரலாற்றைவிட இந்த மறந்துபோன மனிதர்களின் புத்தகங்களைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ராபின்சனுக்கு 63 வருடம் முன்னால்

மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் ஒஹையோ மாநிலத்துக்காரர். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1884-இல் டொலிடோ அணிக்கு கேட்சராக ஆடினார். அந்த வருடம் அந்த அணி மேஜர் லீக் அந்தஸ்து பெற்ற அமெரிக்கன் அசோசியேஷனில் இருந்தது. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது 42 ஆட்டங்கள். அவருடைய தம்பி வெல்டியும் அதே அணிக்குச் சில ஆட்டங்கள் ஆடினார். அதோடு சரி. அடுத்த கறுப்பின வீரர் மேஜர் லீக்கில் வெளிப்படையாக ஆட 63 வருடம் ஆனது.

டேவிட் ஜாங் எழுதி 1995-இல் வந்த 'ஃப்ளீட் வாக்கர்ஸ் டிவைடட் ஹார்ட்' இவருடைய வாழ்க்கை வரலாறு. படிக்கப் படிக்க மனசு கனத்துப் போகும். கேட்சர் என்பவர் நம்ம கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி. பிட்சர் அடுத்து என்ன பந்து போட வேண்டும் என்று சைகை காட்டுவார். டொலிடோவின் பிட்சர் டோனி முல்லேன் பல வருடம் கழித்து ஒரு விஷயத்தைத் தானே ஒப்புக்கொண்டார்: தான் பந்து போட்ட கேட்சர்களிலேயே வாக்கர்தான் மிகச் சிறந்தவர், ஆனால் ஒரு கறுப்பர் சொல்லித் தான் கேட்பதா என்ற எண்ணத்தில் அவருடைய சைகையைப் பார்க்காமலே இஷ்டத்துக்குப் பந்து போட்டதாக. நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு இருக்கிற மாதிரி தடிமனான கையுறை இல்லாத காலம். என்ன பந்து வருகிறது என்றே தெரியாமல் ஒரு பருவம் முழுக்கப் பிடித்திருக்கிறார் மனிதர். ரிச்மண்ட் நகரத்துக்கு ஆட வந்தால் வாக்கரை அடிக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்று டொலிடோ அணியின் மேனேஜருக்கு மிரட்டல் கடிதமும் வந்தது.

வாக்கர் அதற்குப் பிறகு சின்ன லீக்குகளில் ஆடினார். பீரங்கிக் குண்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கொலை வழக்கில் ஜூரி அவரை விடுதலை செய்தது. தபால் திருட்டு வழக்கில் சிறை போனார். ஊரில் ஒரு நாடகக் கொட்டகை நடத்தினார். கடைசியில் 1908-இல் ஒரு சிறு நூல் எழுதினார். கறுப்பினத்தவருக்கு அமெரிக்காவில் எதிர்காலம் இல்லை, ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய்விட வேண்டும் என்பது அதன் வாதம். இந்த நாட்டின் நல்ல கல்லூரியில் படித்து, இந்த நாட்டின் ஆட்டத்தை மிக உயர்ந்த மட்டத்தில் ஆடிய ஒருவர் எழுதியது இது. இப்படி ஒரு வாழ்க்கையைச் சுவரொட்டியில் போட முடியாது. ஆனால் ஒரு புத்தகத்தில் வைக்க முடியும்.

எழுதாத விதி

மேஜர் லீக்கில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று எழுதிய விதி எதுவும் கிடையாது. 1867-இல் அமெச்சூர் அணிகளின் சங்கம் அப்படி ஒன்றை எழுத்திலேயே வைத்தது. பின்னால் வந்த தொழில்முறை மேஜர் லீக்குகள் அந்தத் தவறைச் செய்யவில்லை. எழுதாமலே செய்து முடித்தன. 1887 ஜூலை 14 அன்று சிகாகோ அணியோடு நடந்த ஆட்டத்தில் நியூவார்க் அணியின் கறுப்பினப் பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவி களம் இறங்கவில்லை. சிகாகோவின் கேப்டன் கேப் ஆன்சன் அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார். கறுப்பினத்தவர் இருக்கும் அணியோடு ஆட மாட்டேன் என்று 1883-லேயே டொலிடோவில் தகராறு செய்தவர். அதே ஜூலை 14 அன்று, நியூவார்க் இருந்த இன்டர்நேஷனல் லீக்கின் உரிமையாளர்கள் கூடி, இனிமேல் கறுப்பினத்தவரோடு புதிய ஒப்பந்தம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அது மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த லீக். மேல் படியில் வாக்கெடுப்புகூடத் தேவைப்படவில்லை.

எழுதாத விதி எப்படி வேலை செய்யும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொல்லி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் எந்த டம்ளர் யாருக்கு என்று கடைக்காரருக்கும் தெரியும், குடிக்க வருபவருக்கும் தெரியும். ஆவணம் இல்லாத அநியாயத்துக்கு ஒரே சாட்சி, அதை அனுபவித்தவருடைய வாழ்க்கைதான். அதை யாராவது எழுதி வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் "அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லையே" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள்.

பேஸ்பாலில் அதை எழுதி வைத்தவர் சால் வைட். அவரே ஓர் ஆட்டக்காரர், பிறகு மேனேஜர். 1907-இல் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பின பேஸ்பாலின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாகப் போட்டார். எந்தெந்த அணிகள், யார் யார் ஆடினார்கள், எவ்வளவு சம்பளம், எந்த ஹோட்டலில் இடம் கிடைக்கவில்லை, ஆன்சன் என்ன செய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஸ்டோவி, ஃபிராங்க் கிராண்ட் மாதிரியானவர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் கணிசமான பகுதிக்கு அதுதான் தொடக்கம். கிராண்ட் பஃபலோ அணியில் ஆடியவர். எதிரணிக்காரர்கள் ஆணி வைத்த ஷூவோடு வேண்டுமென்றே காலில் பாய்வதால் மரக்காப்பு கட்டிக்கொண்டு ஆடினார் என்று அன்றைய பத்திரிகையில் வந்திருக்கிறது. சால் வைட்டின் மூலப் பதிப்பில் இன்று மிஞ்சியவை மிகச் சில பிரதிகளே. ஜெர்ரி மல்லாய் என்ற ஆய்வாளர் அதைப் பழைய ஆவணங்களோடு சேர்த்து 1995-இல் மறுபடி பதிப்பித்ததால்தான் நமக்கெல்லாம் கிடைக்கிறது.

வைட் 1955-இல் இறந்தார். ராபின்சன் ஆடியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. இத்தனை பேருடைய பெயரை எழுதி வைத்தவருக்கு 2014-இல்தான் கல் வைத்தார்கள், அதுவும் பேஸ்பால் வரலாற்று ஆர்வலர்கள் முயற்சி எடுத்து.

எண்கள் போதாதா?

ஐ.டி.யில் இருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் ஒன்று கேட்பார்கள். பேஸ்பால் அளவுக்குப் புள்ளிவிவரம் வைத்திருக்கும் ஆட்டம் உலகத்திலேயே இல்லையே, எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, புத்தகம் எதற்கு?

டேட்டாபேஸோடு தினமும் மாரடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: டேபிளில் வரிசை இல்லாதவனைப் பற்றி டேபிளிடம் கேட்க முடியாது. மேஜர் லீக் 2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக்காக அங்கீகரித்தது. 2024-இல் அந்தப் புள்ளிவிவரங்களையும் சேர்த்தது. ஜாஷ் கிப்சன் .372 சராசரியோடு டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். நல்ல விஷயம்தான், தாமதமான நீதி. ஆனால் அந்த அங்கீகாரம் 1920 முதல் 1948 வரையிலான லீக்குகளுக்கு மட்டும். சால் வைட் எழுதியது அதற்கு முந்தைய தலைமுறையைப் பற்றி. முறையான லீக் இல்லாமல், ஊர் ஊராகப் போய்க் கிடைத்த அணியோடு ஆடியவர்கள். லீக்கில் சேர்க்காததால்தான் அவர்களுக்கு லீக் இல்லை, லீக் இல்லாததால் கணக்கில் இல்லை. இந்த வட்டத்தை எந்த அல்காரிதமும் உடைக்காது.

வரிசை இருந்தால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுமா? வில்லியம் எட்வர்ட் வைட் என்று ஒருவர். 1879 ஜூன் 21 அன்று பிராவிடன்ஸ் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். பிரவுன் பல்கலைக்கழக மாணவர், காயம்பட்ட வீரருக்குப் பதிலாக இறங்கினார். நூறு வருடத்துக்கு மேல் அவர் டேபிளில் ஒரு வரி, அவ்வளவுதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஸ்பால் ஆய்வாளர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளைத் தோண்டியபோதுதான் தெரிந்தது, அவர் ஜார்ஜியாவில் ஒரு வெள்ளைக்கார எஜமானருக்கும் அவரிடம் அடிமையாக இருந்த பெண்ணுக்கும் பிறந்தவர் என்று. வெள்ளையராகவே கணக்கெடுப்பில் பதிவாகி, வெள்ளையராகவே வாழ்ந்து முடித்திருக்கிறார். ஆகவே மேஜர் லீக்கின் முதல் கறுப்பின வீரர் வாக்கரா, இவரா என்பது இப்போது விவாதம். ஜாங் தன் புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே வாக்கரை 'முதல்' என்று போட்டிருந்தார். அதற்கு இன்று ஓர் அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

இதற்காகத்தான் கேட்கிறேன். ஒரே ஒரு மேட்ச் ஆடியவருக்கு எதற்கு ஒரு புத்தகம் என்றால், இதற்குத்தான்.

டேப் ரெக்கார்டரோடு கிளம்பியவர்

இந்த வகைப் புத்தகங்களில் எல்லாருக்கும் பிடிக்கிற ஒன்று உண்டு. 'தி குளோரி ஆஃப் தெயர் டைம்ஸ்', 1966-இல் வந்தது. எழுதிய லாரன்ஸ் ரிட்டர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். வங்கி, பணம் பற்றிப் பாடப்புத்தகம் எழுதியவர். 1961-இல் டை காப் இறந்த செய்தி வந்தது. அதே சமயத்தில் அவருடைய அப்பாவும் காலமானார். அந்தத் தலைமுறையே போய்க்கொண்டிருக்கிறது என்று உறைத்தது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சுமார் 75,000 மைல் சுற்றி, இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப வருடங்களில் ஆடிய முதியவர்களைத் தேடிப் பிடித்தார். 22 பேரின் குரலை எழுத்தாக்கினார். மூன்றாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடிகளில் 309 என்ற கணக்கோடு இன்றும் சாதனையாளராக இருக்கும் சாம் கிராஃபோர்டை அவர் கண்டுபிடித்தது கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊரின் சலவைக் கடையில். துணி துவைக்கக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கிராஃபோர்டைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவரே கிராஃபோர்ட்.

ஃபிரெட் ஸ்னாட்கிராஸ் கதை ஒன்று போதும், புத்தகத்தின் அருமை தெரிய. 1912 வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில், லட்டு மாதிரி வந்த ஒரு கேட்சை அவர் விட்டார். நியூயார்க் ஜயன்ட்ஸ் தோற்றது. பிறகு அவர் வங்கியில் இருந்தார், கலிபோர்னியாவில் ஆக்ஸ்நார்ட் நகரத்துக்கு மேயரானார். 1974-இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் செய்தியின் தலைப்பிலேயே அந்த விட்ட கேட்ச் இருந்தது. 62 வருடம் கழித்தும்! ஆனால் அடுத்த பேட்டர் ஹாரி ஹூப்பர் வெளுத்து வாங்கிய பந்தை ஓடிப்போய்ப் பிடித்ததும் இதே ஸ்னாட்கிராஸ்தான். ரிட்டரின் புத்தகத்தில் ஸ்னாட்கிராஸும் பேசுகிறார், ஹூப்பரும் பேசுகிறார், அன்று ஜயன்ட்ஸின் கேட்சராக இருந்த பூர்வகுடி வீரர் ஜான் மேயர்ஸும் பேசுகிறார். ஒரே ஆட்டம், பல பக்கம்.

புத்தகம் வந்த பிறகு அதில் பேசிய கூஸ் காஸ்லின், ஸ்டான் கோவலெஸ்கி, ரூப் மார்க்வார்ட், ஹூப்பர் ஆகிய நால்வரும் 1968-க்கும் 1971-க்கும் இடையில் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்கள். ரிட்டர் தன் ராயல்டியை அந்த ஆட்டக்காரர்களோடு பகிர்ந்துகொண்டார். ஒலிப்பதிவுகளும் பின்னால் வெளிவந்தன. காரில் ஆபீஸ் போகும்போது கேட்கலாம், அவ்வளவு சுவாரஸ்யம்.

எல்லாவற்றையும் நம்பிவிடக்கூடாது

ஒரு எச்சரிக்கை. பெரியவர்கள் சொன்னால் அப்படியே வேதவாக்கு இல்லை. மார்க்வார்ட் ரிட்டரிடம் சொன்ன இளவயதுக் கதையில் பல விஷயங்கள் பிற்கால ஆய்வாளர்களின் சோதனையில் நிற்கவில்லை.

வில்லியம் ஹோய் விஷயமும் அப்படித்தான். மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் காது கேட்காமல் போனவர். செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். 1888-இல் மேஜர் லீக்குக்கு வந்து, முதல் வருடமே 82 பேஸ்களைத் திருடி லீக்கில் முதலிடம் பிடித்தார். ஒரே ஆட்டத்தில் வெளிக்களத்திலிருந்து பந்தை எறிந்து மூன்று பேரை ஹோம் பிளேட்டில் அவுட்டாக்கினார். 'டம்மி' ஹோய் என்றுதான் பதிவுகளில் இருப்பார். அந்தக் காலத்தில் காது கேளாத வீரர்களுக்கு அதுதான் பட்டப்பெயர், பூர்வகுடி வீரர்கள் எல்லாருக்கும் 'சீஃப்' என்பது மாதிரி. ஹோய் அந்தப் பெயரை மறுக்கவில்லை, அப்படியே கூப்பிடச் சொன்னார். 1961-இல் 99 வயதில் சின்சினாட்டி வேர்ல்ட் சீரிஸ் ஆட்டத்துக்கு முதல் பந்தை எறிந்து தொடக்கி வைத்தார். சில வாரங்களில் காலமானார்.

அம்பயர்கள் கையால் சைகை காட்டும் பழக்கமே ஹோயால்தான் வந்தது என்பார்கள். நான்சி சர்னின் 2016-இல் எழுதிய அழகான சிறுவர் படப்புத்தகமும் அந்த வழியில்தான் கதையைக் கொண்டுபோகிறது. ஆனால் அந்தக் காலப் பத்திரிகைகளைச் சல்லடை போட்டவர்களுக்கு அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் தன் அணிக்காரரிடம், பால் எது, ஸ்டிரைக் எது என்று கையால் காட்டச் சொல்லி ஹோய் ஏற்பாடு செய்துகொண்டார், அது உண்மை. எனக்கு அந்த உண்மையே போதும். அவர் உலகத்தை மாற்றினாரோ இல்லையோ, தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கினார். இந்தப் படப்புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். காட்டிவிட்டு, "இது நிஜம்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள்.

இந்தச் சல்லடை வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்பவர்கள் இல்லை. 1971-இல் கூப்பர்ஸ்டவுனில் 16 பேர் கூடி ஆரம்பித்த அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கம், சேபர் என்பார்கள், முக்கால்வாசி ஆர்வலர்களின் கூட்டம். 1989-லும் 1996-லும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டக்காரர்களைப் பற்றி இரண்டு தொகுப்பு நூல்கள் போட்டார்கள். ஆட்டக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகளை இணையத்தில் இலவசமாகவும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காணாமல்போன ஆட்டக்காரர்களைத் தேடும் துப்பறியும் வேலையைப் பற்றி 'கிராக்கிங் பேஸ்பால்ஸ் கோல்ட் கேசஸ்' எழுதிய பீட்டர் மாரிஸ், 1991-இல் ஸ்கிராபிள் உலக சாம்பியன். எழுத்தைக் கலைத்துப் போட்டுச் சொல் கண்டுபிடிப்பவருக்கு இது பொருத்தமான வேலைதான்.

நமக்கென்ன?

கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நாம் வந்திருக்கும் நாட்டைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் ஒரே திசையில் போகும்: முன்னால் மோசம், பிறகு நல்லது, இனி இன்னும் நல்லது. ராபின்சன் கதையை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். வாக்கர் கதையைச் சேர்த்துப் படித்தால்தான் தெரியும், 1884-இல் உள்ளே இருந்த ஒருவரை 1887-க்குள் வெளியே தள்ள முடிந்தது என்று. புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. சிலர் வாக்களித்தார்கள், ஒரு நட்சத்திரம் முரண்டு பிடித்தார், மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். கிடைத்த இடம் கிடைத்ததாகவே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் எந்தப் புலம்பெயர்ந்த சமூகத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய பாடம். நம்ம பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இங்கேயே இருக்கப் போகிறவர்கள் அவர்கள்.

அதனால் அடுத்த முறை பிள்ளைக்கு ராபின்சன் புத்தகம் எடுத்தால், கூடவே இன்னொன்றும் எடுங்கள். சின்னப் பிள்ளை என்றால் ஹோய். ஹைஸ்கூல் என்றால் ரிட்டர். கல்லூரி வயதென்றால் ஜாங், சால் வைட். உங்க ஊர் நூலகத்தில் இல்லையென்றால் கவுன்ட்டரில் கேளுங்கள், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். யாரும் கேட்காத புத்தகத்தை நூலகம் ஒரு நாள் கழித்துக்கட்டிவிடும். கேட்டால் இருக்கும்.